பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லாத தண்ணீர்

அண்ணா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் அம்மாவுடையது, கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. மாமாவின் கிணற்றுப் படியில் உட்கார்ந்து அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மா நம் வீட்டுப் பேச்சில் சொல்கிறாள், நான் அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறேன். ஆனால் சங்கதியை மாற்ற மாட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். படிக்க அழகாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்க மாட்டேன். அம்மா எதையாவது விட்டுவிட்டுப் போனால் அடைப்புக்குறி போட்டு நானே எழுதிவிடுவேன். இந்த நிபந்தனையைச் சொன்னதும் அம்மா, "அதுக்குத்தானடி உன்னைக் கூட்டினு வந்தேன். நான் எழுதுனா பாதியில பொய்யி கலந்துடும்" என்றாள். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை நீ ரயில் ஏறுவதற்குள் படித்துவிடு. இனி வருவது அம்மா.

கண்ணு, போன வாரம் நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மேற்குக் கடற்கரையில் ஒரு பெரிய போட்டிக்குப் போகிறேன் என்றாய். கடலில் நீந்தி, அரைநாள் சைக்கிள் மிதித்து, அதற்கு மேல் வெயிலில் ஓட வேண்டிய போட்டி. முட்டி வலியில் இரண்டு மாதமாக ஓடவே இல்லை என்றும், ஷிஃப்ட் மாறி மாறி வந்ததில் சைக்கிளில் தூசி படிந்துவிட்டது என்றும் நீயே சொன்னாய். "அப்ப இன்னாத்துக்குடா போற?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "பிராக்டீஸே இல்லாம நீ முடிச்சிட்ட இல்ல? உன் புள்ளம்மா நானு, எனக்கு இன்னா ஆவப்போவுது?" என்றாய். நானும் பதிலுக்குச் சிரித்து வைத்தேன். போனை வைத்த பிறகு சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். உன் காலையோ மூச்சையோ நம்பி நீ அந்தக் கடலில் இறங்கப்போவதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நாம் போன ஏரிப் போட்டியின் முடிவுக் கோட்டில் நான் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்த அந்த வீடியோவை நம்பி இறங்கப்போகிறாய். அந்த வீடியோவை நீதான் எடுத்தாய், ஊருக்கெல்லாம் அனுப்பினாய். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்தது உனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு போவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

(அம்மா பயிற்சியே செய்யவில்லை என்று உன்னிடம் உளறியது நான்தான், அண்ணா. பெருமையாக நினைத்துத்தான் சொன்னேன். அதை நீ இப்படி எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியாது.)

எல்லாம் இந்தக் கிணற்றில்தான் ஆரம்பித்தது, ஞாபகம் இருக்கிறதா? பொங்கலுக்கு நீ சென்னையிலிருந்து கையில் பெரிய கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தாய். நீந்தினால் தூரம் காட்டும், நெஞ்சு எத்தனை முறை துடிக்கிறது என்று காட்டும் என்று மாமாவிடம் பீற்றிக்கொண்டாய். பாலாற்றங்கரைக் கிணறுகள் எத்தனையோ கெட்டுப்போனாலும் மாமாவின் கிணறு மலையடிவாரத்தில் இருப்பதால் இன்னும் நல்ல தண்ணீர். நீ குதித்து இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வந்தாய். எனக்குக் கை பரபரத்தது. நைட்டிக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு நானும் குதித்தேன். உன்னை ஜெயித்தும்விட்டேன். மேலே ஏறி வந்து நீ என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அதுவரைக்கும் நான் உனக்குச் சோறு போடுகிறவள், ஷூ ஃபேக்டரியில் தையல் லைனைப் பார்த்துக்கொள்கிறவள், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் எனக்கும் ஒரு உடம்பு இருக்கிறது என்று உனக்குத் தெரிந்தது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது என்று வைத்துக்கொள். "நீச்சல் இருக்குது, சைக்கிள்ள தினம் வேலைக்குப் போற, ஓட்டம் ஒண்ணுதான் கம்மி. சின்ன போட்டிதாம்மா, ரெண்டு பேரும் போலாம்" என்று சொல்லி என் பெயரையும் சேர்த்துவிட்டாய். உன் அப்பா தோல் பதனிடுகிற டேனரியிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டதும், "மகனுக்கு ஜோடி கெடைக்கலன்னு என் பொண்டாட்டிய இழுத்துனு போறான் பாரு" என்று சிரித்தார்.

முதல் ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தேன். விடிவதற்கு முன்னால் புறவழிச் சாலையில் கொஞ்சம் ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து நீந்துவேன். அப்புறம் ஃபேக்டரியில் ஷிப்மென்ட் நெருங்கியது. உனக்குத்தான் தெரியுமே, ஷிப்மென்ட் நெருங்கினால் நேரம் நம்முடையது இல்லை. இரவு வீடு வந்தால் கால் வீங்கியிருக்கும். விடியற்காலை அலாரம் அடித்தால் உன் தங்கைதான் எழுந்து அதை நிறுத்துவாள். ஆனால் ஞாயிறு தோறும் நீ போன் செய்து, "இந்த வாரம் ஆச்சாம்மா?" என்று கேட்பாய். நான் "ஆச்சிடா, எல்லாம் ஆச்சி" என்பேன். முதல் தடவை சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. அப்புறம் அதுவும் பழகிவிட்டது. நான் ஒன்றும் பெரிதாகப் பொய் சொல்கிறேன் என்று நினைக்கவில்லை. அடுத்த வாரம் சேர்த்துச் செய்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் குறைக்க மனசு வரவில்லை. பிள்ளை ஆசைப்பட்டுக் கூப்பிடுகிறது, "முடியலடா" என்று எந்த அம்மாவுக்குச் சொல்ல வரும், சொல்லு.

(அலாரத்தை நிறுத்தியது உண்மை. ஆனால் "அம்மா, எழுந்திரு" என்று எழுப்பியும் பார்த்தேன். "இன்னிக்கி ஒரு நாளு வுட்டுடுடி" என்று அம்மா சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.)

ஷூ விஷயத்தில் செய்த முட்டாள்தனத்தை உன்னிடம் சொன்னதே இல்லை. இவ்வளவு வருஷம் ஷூ தைக்கிற இடத்தில் வேலை செய்கிறவள் வேறு யாரும் செய்யாத தப்பைச் செய்தேன். ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே, கழித்த ஷூக்களை விற்கிற ரிஜெக்ட் கடையில் ஓட்டத்துக்கான ஷூ ஒன்று கம்மி விலைக்குக் கிடைத்தது. கால் விரல் முட்டியது. கூட வந்த என் லைன் பர்வீன், என்னை அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிறவள், "டைட்டா இருக்குதே பாஜி, வேற பாருங்க" என்றாள். நான், "போடப் போட இளகிடும்டி, எனக்கா சொல்லித் தர்ற?" என்றேன். தோல் ஷூ அப்படித்தான், போடுகிறவர் காலுக்கு வழிவிட்டுப் படிந்துவிடும். அந்த ஒரு நினைப்புத்தான் எனக்கு. இது வலைத்துணியும் பிளாஸ்டிக்குமாகச் செய்தது, எத்தனை நாள் போட்டாலும் ஒரு நூலளவு இளகாது என்று தோன்றவே இல்லை. அதிலும் நாலு நாள்தான் போட்டேன். உடம்பையும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன் கண்ணு. போட்டி அன்றைக்கு இறங்கிவிட்டால் போதும், போகப் போக அதுவாகப் படிந்துவிடும் என்று.

அன்றைக்கு ஏரிக்கரையில் எத்தனை பேர் நின்றார்கள், உனக்கே தெரியும். நீ முன் வரிசைக்குப் போய்விட்டாய், நான் கடைசி வரிசையில் நின்றேன். தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனேன். அப்புறம் என் கை தானாகச் சுவரைத் தேடியது. நான் வாழ்நாளெல்லாம் கிணற்றில் நீந்தியவள். கிணற்றில் பத்துப் பதினைந்து வீச்சுக்கு ஒரு சுவர் வரும். தொட்டு, ஒரு மூச்சு விட்டு, காலால் உதைத்துத் திரும்பலாம். அந்த ஒரு மூச்சைச் சேர்த்துத்தான் எனக்கு நீச்சல் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஏரியில் சுவரே வரவில்லை. காலைத் தொங்கவிட்டேன், தரையும் இல்லை. எனக்கு முன்னால் ஒரே வெளிச்சமும் தண்ணீரும். நெஞ்சு அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. பாதுகாப்புக்கு நின்ற படகுக்காரர் பக்கத்தில் வந்து, "இன்னாம்மா, ஏறிக்கிறியா?" என்றார். "இல்லப்பா, சும்மா புடிச்சிக்கிறேன்" என்றேன். "புடிச்சிக்கலாம், ரூல்ஸ் இருக்குது. ஆனா உன் மூஞ்சி சரியில்லையே. இதுக்கு முன்னாடி எந்த ஏரில நீஞ்சின?" என்று கேட்டார். "கெணத்துல" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கெணத்துல நீஞ்சிட்டு ஏரிக்கு வந்துட்டியா, நல்லா வந்த போ" என்றார். அங்கேயே ஏறியிருக்கலாம். ஏறவில்லை. படகிலிருந்து படகு, படகிலிருந்து படகு என்று பிடித்துப் பிடித்துத்தான் கரை சேர்ந்தேன். நீ அதற்குள் சைக்கிளில் போய்விட்டிருந்தாய்.

சைக்கிள் எனக்குப் பழக்கம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரில் பட்ட பயத்தில் குடிக்கக் கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் மிதித்தேன் என்பதுதான் தப்பு. ஓட ஆரம்பித்தபோது வெயில் ஏறிவிட்டது. நம்ம ஊர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாறையெல்லாம் அடுப்பாகிவிடும். பெருவிரல் நகம் ஷூவுக்குள் மடங்கியது தெரிந்தது. அது வலிக்கவில்லை, தொடைதான் கல்லாகிவிட்டது. அப்புறம் ஒரு இடத்தில் எனக்குக் குளிர ஆரம்பித்தது கண்ணு. அவ்வளவு வெயிலில் கையில் மயிர்க்கூச்செடுத்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் வேர்வையே இல்லை. தண்ணீர் கொடுக்கிற மேசையில் நின்ற ஒரு காலேஜ் பொண்ணு என் கையைப் பிடித்து, "ஆன்ட்டி, உக்காருங்க. நீங்க நேரா நடக்கல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போறீங்க" என்றாள். எனக்கு நேராகப் போவதாகத்தான் தோன்றியது. "என் பையன் அங்க நிக்கிறாம்மா" என்றேன். "இருக்கட்டும் ஆன்ட்டி, நான் போய்க் கூட்டினு வர்றேன்" என்றாள். நான் கையை உதறிவிட்டு நடந்தேன்.

இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஃபேக்டரியில் என் லைனில் முப்பது பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தினமும் காலையில் அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு தையல் விட்டுப்போனது தெரிந்தால் கையைத் தூக்கு, ஷூ நகர்ந்து வருகிற பெல்ட்டை நிறுத்து, அடுத்த மேசைக்குத் தள்ளாதே. பெல்ட்டை நிறுத்தினதற்காக நான் யாரையும் திட்டியதில்லை. புதிதாக வந்த பெண் பயந்து பயந்து கையைத் தூக்கினால், "சபாஷ்டி" என்று சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் என் உடம்பில் இத்தனை தையல் விட்டுப்போனதைப் பார்த்தும் கையைத் தூக்கவில்லை. ஏன் என்று கேட்டால், கோட்டுக்கு அந்தப் பக்கம் நீ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். "வாம்மா, வாம்மா" என்று உன் குரல் கேட்டது. ஞாயிறு தோறும் "ஆச்சி, ஆச்சி" என்று சொன்னவள் அங்கே உட்கார்ந்தால், அத்தனை ஞாயிறும் பொய் என்று உனக்குத் தெரிந்துவிடும். அதற்குத்தான் நான் ஓடினேன். தைரியத்தால் ஓடியதாக எல்லாரும் சொன்னார்கள். நான் ஓடியது வெட்கத்தால். சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டினேன், நீ கட்டிப் பிடித்தாய், வீடியோ அங்கே முடிகிறது.

(வீடியோ முடிந்த பிறகு நடந்ததை நான் பார்த்தேன். உனக்கு ஷிஃப்ட் இருக்கிறது என்று அம்மாவே உன்னை அவசரமாகப் பஸ்ஸுக்கு அனுப்பினாள். நீ ஆட்டோவில் ஏறும்வரை கையசைத்தாள். ஆட்டோ திரும்பியதும் பந்தலுக்குப் பின்னால் போய் அப்படியே சரிந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. என்னைப் பர்வீன் என்று கூப்பிட்டாள்.)

வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. அளவுக்கு மீறி உழைத்ததில் சதை உடைந்து ரத்தத்தில் கலந்துவிட்டது, அது போய்ச் சிறுநீரகத்தை அடைக்கிறது என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினில் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அந்த ஒரு வாரமும் நீ போன் செய்தபோதெல்லாம், "ஜுரம்டா, ஏரித் தண்ணி ஒத்துக்கல" என்றேன். கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு அதைச் சொன்னேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கோபப்படவில்லை. "எங்க டேனரியில ஒரு தோலுகூட கொதி தண்ணியில ஒரு துண்டு போட்டுப் பாக்காம டிரம்மை விட்டு வெளிய போவாது. சுருண்டுச்சின்னா உள்ள பதம் ஏறலன்னு அர்த்தம், திரும்ப டிரம்முதான். நீ பாட்டுக்கு மேலால பாலிஷ் போட்டுனு போய்ட்டியே" என்றார். நர்ஸு சிரித்தது. நானும் சிரித்தேன், அப்புறம் அழுகை வந்துவிட்டது. அவர்தான் உனக்குச் சொல்லிவிடலாம் என்றார். நான்தான் சத்தியம் வாங்கிக்கொண்டேன். பிள்ளை மனசு கஷ்டப்படும், நான்தானே இழுத்துவிட்டேன் என்று நினைப்பான் என்றேன். அது பாதிதான் உண்மை. அந்த வீடியோ எனக்கும் பிடித்துப்போயிருந்தது. லைனில் இருக்கிற பெண்களெல்லாம் அதைப் போனில் வைத்திருந்தார்கள். கேன்டீனில் என்னைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். அதை இழக்க எனக்கு மனசில்லை.

உனக்கு நீச்சல் வந்த நாளைச் சொல்கிறேன் கேள். நீ இரண்டாம் வகுப்பு. இதே கிணறு. முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிவிட்டு உன்னைத் தண்ணீரில் விடுவோம். கேன் இருக்கிற வரைக்கும் நீ ராஜா. அவிழ்க்கிறேன் என்றால் ஊரைக் கூட்டுவாய். ஒரு நாள் உனக்குத் தெரியாமல் பின்னாலிருந்து முடிச்சை அவிழ்த்துவிட்டேன். கேன் தனியாக மிதந்து போகிறது, நீ அதைப் பார்க்காமல் நீந்திப் போய்ச் சுவரைத் தொட்டுவிட்டாய். திரும்பிப் பார்த்துக் கேன் என் கையில் இருப்பது தெரிந்ததும், "ஏமாத்திட்டியே" என்று கத்தினாய், அப்புறம் நீயே மறுபடி குதித்தாய். அன்றைக்கும் நான் ஏமாற்றினேன்தான். ஆனால் அன்றைக்கு நான் தண்ணீரில் இருந்தேன் கண்ணு, உனக்கு ஒரு கை தூரத்தில். நீ ஒரு வாய் தண்ணீர் குடித்திருந்தால் தூக்கியிருப்பேன். இன்றைக்கு நீ பெரியவன், நான் எங்கேயோ ஆம்பூரில், நீ எங்கேயோ கடலில். பயிற்சியில்லாத என் வெற்றியை முதுகில் கட்டிக்கொண்டு நீ இறங்கப்போகிறாய். அங்கே கேன் இல்லை. நான் ஏரியில் இறங்கியபோதும் இருந்ததில்லை. இந்தத் தடவை உனக்குத் தெரியாமல் அவிழ்க்க மாட்டேன். உன் முகத்துக்கு நேராகச் சொல்லி அவிழ்க்கிறேன்.

போகாதே என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லுகிற வயசை நீ தாண்டிவிட்டாய். போனால், எந்த இடத்தில் நிறுத்துவாய் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போ. தண்ணீரில் இறங்கிய பிறகு அந்த முடிவை எடுக்க முடியாது, மூளை நமக்குச் சாதகமாகவே பேசும், நான் பார்த்துவிட்டேன். யாராவது கையைப் பிடித்து உட்காரச் சொன்னால் உட்கார். உன் சிநேகிதர்களிடம் சொல்லிவிட்டோமே, படம் போட்டுவிட்டோமே என்று ஓடாதே. படகில் ஏறினால் படகிலிருந்தே எனக்குப் போன் செய். "ஏறிட்டேம்மா" என்று நீ சொன்னால், அந்த வீடியோவைப் பார்த்து நீ பட்டதைவிட அதிகமாக நான் சந்தோஷப்படுவேன். போகவில்லை என்றால் வெள்ளிக்கிழமை ரயிலை இந்தப் பக்கம் பிடித்து வா. டாக்டர் சரி என்று சொல்லி நான் மறுபடி நீந்த ஆரம்பித்திருக்கிறேன். இப்போது அக்கரைக்கும் இக்கரைக்கும் போவதில்லை. சுவரைத் தொடாமல் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி. உன் மாமா, "எண்ணெய் வருதா அக்கா?" என்று கேட்டுச் சிரிக்கிறான். சிரிக்கட்டும். போன மாதம் மூன்று சுற்றில் சுவரைப் பிடித்தேன். இப்போது பரவாயில்லை. உன் முட்டி ஆறினதும் நீயும் என் பின்னாலேயே சுற்று. முந்த விட மாட்டேன். எழுதினது போதும்டி, மூடி வை.

அண்ணா, இது மறுபடியும் நான். "மூடி வை" என்பதையும் எழுதிவிட்டேன், உண்மையாக எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா. கேன் கதையைச் சொல்லும்போது அம்மா அழுதாள். மற்ற இடங்களில் அழவில்லை. சொல்லி முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "பத்து சுத்து போட்டுட்டு வந்துடுறேன்" என்று தண்ணீரில் இறங்கினாள். இருட்டிக்கொண்டு வந்ததால் மாமா மோட்டார் கொட்டகை விளக்கைப் போட்டுவிட்டுக் கிணற்று மேட்டில் நின்றார். ஆறு சுற்று வரைக்கும் நான் எண்ணினேன். ஆறாவது சுற்றில் அம்மாவின் வீச்சு சின்னதாகிவிட்டது, மூச்சுச் சத்தம் படிவரைக்கும் கேட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா படிக்கு வந்து பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் நாலு பாக்கி இருக்குதே அக்கா, லைட்டு இருக்கட்டுமா?" என்றார் மாமா.

"வேணான்டா, இன்னிக்கி இவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அம்மா மேலே ஏறி வந்தாள். மாமா விளக்கை அணைத்துவிட்டார்.